ஒரு சரக்கொன்றை, நாலு பின்னணி: பூத்த மரத்துக்கு ஃப்ரேம் வைத்துப் பார்த்த பதிவு

சரக்கொன்றை பூத்துவிட்டால் எங்கள் பக்கத்துத் தெருவில் போகிறவர்களில் பாதிப் பேர் வண்டியை ஓரங்கட்டிப் போனை எடுப்பார்கள். எடுத்ததும் திரையைப் பார்ப்பார்கள், அப்புறம் மரத்தைப் பார்ப்பார்கள், மறுபடி திரையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கிளம்பிவிடுவார்கள். கண்ணெதிரே கிளை முழுக்கப் பொன்னாகத் தொங்குகிறது. படத்திலோ வெளிறிய வானத்தில் மஞ்சள் புள்ளிகள் சிதறிக் கிடக்கின்றன, குறுக்கே நாலு கரண்ட் கம்பி. இந்த வருடம் பங்குனிக் கடைசியில் மொட்டு விட்டதில் இருந்து வைகாசியில் பூ கொட்டித் தீரும் வரை இந்த ஒரே மரத்தை வைத்துக்கொண்டு காம்போசிஷனை, அதாவது ஃப்ரேமுக்குள் எதை எங்கே வைப்பது என்பதை, மட்டும் சரி செய்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். புது லென்ஸ் வாங்குவதில்லை, கொடைக்கானல் பக்கம் போவதில்லை. திருச்சி, ஒரு தெரு, ஒரு மரம்.

கையில் இருப்பது நிக்கான் டி5600, கூட வந்த 18-55 மி.மீ. லென்ஸ், ஒரு 50 மி.மீ. எஃப் 1.8 (எஃப் எண் சின்னதாக ஆக லென்ஸின் திறப்பு பெரிது, கூர்மையாக விழும் ஆழம் குறைவு), தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்க ஒரு 70-300 மி.மீ. போனும் உண்டு. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

மரம் நிற்கிற இடத்தைக் கொஞ்சம் விளக்கிவிட வேண்டும், மீதி எல்லாம் அதை வைத்துத்தான். தெரு தெற்கு வடக்காகப் போகிறது. கிழக்கு ஓரத்தில் ஒரு வீட்டுக் காம்பவுண்டுக்குள் மரம், பாதிக் கிளைகள் சுவரைத் தாண்டி ரோட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றன. அதற்கும் கிழக்கே, அதே வீட்டுக் கொல்லையில், அடர்த்தியான பெரிய வேப்பமரம். ரோட்டுக்கு எதிர்ப்புறம் மாடி இல்லாத பழைய வீடு, சுவர் முழுக்க நீலம் அடித்தது. மரத்தடியில் ஓர் இஸ்திரி வண்டி. கம்பிகள் எல்லாம் கிளைக்கு நடுவே புகுந்து போகின்றன.

இதில் நான் முதலில் உட்கார்ந்து யோசித்த விஷயம், கண்ணுக்கு இவ்வளவு நன்றாக இருப்பது ஏன் கேமராவுக்குள் படத்தைப் பதிகிற சென்சாருக்குப் பிடிபடவில்லை என்பதுதான். இரண்டு கண்ணால் பார்க்கும்போது முன்னால் இருக்கும் சரமும் பின்னால் இருக்கும் சரமும் தனித்தனியாகத் தெரிகின்றன. அது போக, வேண்டாத கம்பியையும் போஸ்டரையும் மனசு தானாகவே தள்ளிவிடுகிறது. கேமராவுக்கு ஒரே கண், எல்லாவற்றையும் தட்டையாக ஒரே தாளில் ஒட்டிவிடும். மஞ்சள் பூவும் வெளிறிய வானமும் வெளிச்சத்தில் கிட்டத்தட்ட ஒன்று, நிறத்தில் மட்டும்தான் வேறு. அப்படி ஒட்டியதும் பூ வானத்துக்குள் கரைந்து போகிறது.

இதை நம்பாதவர்கள் கேமராவில் பிக்சர் கன்ட்ரோல் என்கிற நிற அமைப்பை மோனோக்ரோமுக்கு (கறுப்பு வெள்ளைக்கு) மாற்றிவிட்டு, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். திரையில் கறுப்பு வெள்ளையாகத் தெரியும், கோப்புக்குள் நிறம் அப்படியே பத்திரமாக இருக்கும். மத்தியான வானத்தை வைத்து எடுத்த சரக்கொன்றை கறுப்பு வெள்ளையில் வெறும் குச்சிகளாகத் தெரியும், பூ இருக்கிற இடமே தெரியாது. அதே பூவை வேப்ப மரத்து நிழலை வைத்து எடுத்தால் வெள்ளைச் சரமாக எழுந்து நிற்கும். கறுப்பு வெள்ளையில் உருவம் நிற்கவில்லை என்றால் வண்ணத்தில் பளபளப்பு இருக்குமே தவிர படம் இருக்காது. இந்த சீசன் முழுக்க ஃப்ரேம் வைத்துப் பார்க்க நான் அந்த மோனோக்ரோமையே பயன்படுத்தினேன்.

ஆக, வரிசையை மாற்றினேன். அழகான பூவைத் தேடிப் பிடித்து அதற்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, முதலில் நல்ல பின்னணி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கு முன்னால் ஏதாவது ஒரு சரம் வந்து விழும் வரை நான் நகர்வது. மரத்தில் நூற்றுக்கணக்கில் சரம் இருக்கிறது, சுமாரான சரம்கூடப் போதும். நல்ல பின்னணிதான் அந்தத் தெருவில் நாலைந்துக்கு மேல் கிடையாது.

முதல் பின்னணி வேப்பமரம். காலையில் ரோட்டின் மேற்கு ஓரத்தில், நீலச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கே பார்த்து நின்றால், வெயில் வேப்ப மரத்துக்குப் பின்னால் இருந்து வருகிறது, நம் பக்கம் இருக்கிற வேப்பிலை எல்லாம் நிழல். அதே வெயில் இடைவெளி வழியாகக் கொன்றைச் சரத்தில் விழும்போது இதழ்கள் விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிடுகின்றன. இதழ் மெல்லிசு, உள்ளே ஓடுகிற நரம்பு வரைக்கும் தெரியும். கரும்பச்சைக்கு முன்னால் இந்த மஞ்சள் நிற்கும்போது வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஒரே தொல்லை, வேப்பமரத்து இலைகளுக்கு நடுவே வானம் தெரிகிற சின்னச் சின்ன ஓட்டைகள். ஃபோகஸ் இல்லாத இடத்தில் அவை வெள்ளை வட்டங்களாக ஊதிப்போய்ச் சரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஓர் அடி இடமோ வலமோ நகர்ந்தால் பாதி மறையும், மீதிக்கு உயரத்தை மாற்ற வேண்டும்.

அந்த உயரத்தை மாற்றுகிற விஷயம்தான் எனக்கு இந்த முழு முயற்சியிலும் அதிகமாகப் பயன்பட்டது. நம் ஆட்கள் பூவைப் பார்த்ததும் நேராக அதற்கு அடியில் போய் நின்று அண்ணாந்து எடுப்பார்கள். சரம் 3 மீட்டர் உயரத்தில் தொங்குகிறது, கேமரா ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 மீட்டர் தள்ளி நின்றால் கேமராவைச் சுமார் 37 பாகை தூக்க வேண்டும். அந்தச் சாய்வில் பின்னால் வானத்தைத் தவிர எதுவும் வராது, கம்பியும் இலவசமாக வரும். 8 மீட்டர் பின்னால் போய் 200 மி.மீ.-க்கு ஜூம் செய்தால் அதே சரத்துக்கு 11 பாகைதான். வானம் ஃப்ரேமை விட்டு மேலே போய்விடும், சுவரோ வேப்பமரமோ அதன் இடத்துக்கு வந்துவிடும், பார்வை கம்பிகளுக்கு அடியில் போகும். 70-300 லென்ஸைப் பறவைக்கு என்று வாங்கினேன், இந்த சீசன் முழுக்கக் கொன்றைக்குத்தான் உழைத்தது. பின்னால் தள்ளிப் போக முடியாத தெருவாக இருந்தால் எதிர்வீட்டுத் திண்ணை, மாடிப்படி, ஒரு ஸ்டூல், எதன் மேலாவது ஏறினாலும் இதே வேலை நடக்கும்.

உட்கார்ந்தால் நேர் எதிராக நடக்கும், வானம் இறங்கி வரும். ஓரத்தில் நிறுத்தியிருக்கிற பைக்குகளை மறைக்க வேண்டும் என்றால் அது உதவும்.

இரண்டாவது பின்னணி நீலச் சுவர். மஞ்சளுக்கு நீலம் என்பது பலரும் சொல்வது, ஆனால் காலையில் அந்தச் சுவரில் நேர் வெயில் அடித்து நீலம் வெளுத்துப் போயிருக்கும், பூவோடு போட்டிக்கு வரும். சாயங்காலம் நாலரைக்கு மேல் வெயில் அந்த வீட்டுக்குப் பின்னால் போய்விடும், சுவர் நிழலில் அடங்கிக் கருநீலமாகும், வீட்டுக்கு மேலே தாண்டி வருகிற வெயில் சரத்தில் மட்டும் விழும். ஆனால் அதற்கு மரம் இருக்கிற காம்பவுண்டுக்குள் நின்று மேற்கே பார்க்க வேண்டும். கேட்டில் நின்று தயங்கிக்கொண்டிருந்தபோது அந்த வீட்டு அம்மாவே கூப்பிட்டுவிட்டார். "உள்ள வந்து எடுங்க தம்பி, ரோட்டுல நின்னு பஸ்ஸுக்காரன்கிட்ட திட்டு வாங்காதீங்க." போகிற எல்லோரும் மரத்தை மட்டும் எடுக்கிறார்களாம், கேட்டு உள்ளே வந்த ஆள் யாரும் இல்லையாம்.

வானத்தையே பின்னணியாக வைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. வானம் நீலமாக இருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. நம் ஊரில் சித்திரை மாதத்து மத்தியான வானம் நீலம் கிடையாது, சாம்பல் வெள்ளை. திருச்சியில் ஏப்ரல் 18 வாக்கில் உச்சிப் பொழுதில் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே வந்துவிடுகிறது, நட்டு வைத்த கம்புக்கு நிழலே இருக்காது. பூவின் மேல்பக்கம் வெந்துபோய், அடிப்பக்கம் இருண்டு, எந்தச் சரத்துக்கும் பருமன் தெரியாது. காலை ஏழு மணி வாக்கில் சூரியனுக்கு எதிர்ப்பக்கத்து வானம்தான் நீலம். லென்ஸின் முன்னால் மாட்டுகிற போலரைசர் ஃபில்டர் இருந்தால் சூரியனுக்குச் செங்குத்தான திசையில் வானம் இன்னும் கருக்கும், கொன்றை இலையின் மினுமினுப்பும் குறையும். ஆனால் ஒன்றரை ஸ்டாப்புக்கு மேல் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) வெளிச்சத்தைச் சாப்பிட்டுவிடும். காற்றில் ஆடுகிற சரத்துக்கு அந்த வெளிச்சம் தேவை என்பதால் நான் பெரும்பாலும் கழற்றியே வைத்திருந்தேன்.

எக்ஸ்போஷரையும், அதாவது படத்துக்கு எவ்வளவு வெளிச்சம் விடுவது என்பதையும், இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னணியைத் தேர்ந்தெடுத்த உடனே அதுவும் தீர்மானமாகிவிடுகிறது. பின்னால் வெளிச்சமான வானம் என்றால் கேமராவின் ஒளி மீட்டர் ஏமாந்து பூவை இருட்டாக்கும், எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை +1 ஸ்டாப் அல்லது அதற்கும் கொஞ்சம் மேலே வைக்க வேண்டும். பின்னால் நிழலான வேப்பமரம் என்றால் மீட்டர் இருட்டைத் தூக்கிவிடப் பார்த்து மஞ்சளை எரித்துவிடும், அங்கே -0.7 முதல் -1 வரை. மஞ்சள் எரிந்ததா இல்லையா என்பதைப் பொது ஹிஸ்டோகிராமில் (வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடத்தில்) பார்த்தால் போதாது. மோனோக்ரோமில் இருந்து வண்ணத்துக்கு மாற்றிக்கொண்டு, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் போட்டுக்கொள்ளுங்கள். மொத்த வரைபடம் சமத்தாக இருக்கும்போதே சிவப்பு மட்டும் வலது சுவரில் முட்டிக்கொண்டிருக்கும். அப்படி முட்டிய இடத்தில் இதழ் நரம்பு போயே போய்விட்டது என்று அர்த்தம். ஒயிட் பேலன்ஸை, அதாவது நிறச் சமநிலை அமைப்பை, டேலைட்டில் பூட்டி வைத்தேன். ஆட்டோவில் விட்டால் ஃப்ரேம் முழுக்க மஞ்சளைப் பார்த்ததும் அதைக் குறைக்கிறேன் என்று கிளம்பிவிடும்.

சரி, இனிமேல் சரம். கொன்றைச் சரத்தைக் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் அது தனக்கான ஃப்ரேமைத் தானே சொல்கிறது. காம்பு தொடங்குகிற மேல்பக்கத்தில் இருந்து பூக்கள் மலர்ந்துகொண்டே கீழே வருகின்றன. மேலே விரிந்த பூ, நடுவில் பாதி திறந்தது, கீழே உருண்டை மொட்டுகள், நுனியில் கடுகளவு பச்சை. அகலமாக ஆரம்பித்துக் கூம்பி முடிகிற ஒரு கீழ்நோக்கிய ஓட்டம். அதனால் கேமராவை நெட்டுக்குப் பிடிக்க வேண்டும், நுனிக்குக் கீழே காலி இடம் விட வேண்டும். மேல்பக்கத்தை ஃப்ரேம் வெட்டினால் பரவாயில்லை, மேலே இன்னும் மரம் இருக்கிறது என்று பார்க்கிறவர் ஊகித்துக்கொள்வார். நுனி மொட்டை வெட்டினால் படம் மூச்சு முட்டுகிறது. எல்லாவற்றையும் மூன்றில் ஒரு பங்குக் கோட்டில் கொண்டுபோய் வைக்கச் சொல்லும் அறிவுரை இந்தப் பூவுக்குப் பெரிதாக உதவவில்லை. சரத்தை நட்டநடுவில் தொங்கவிட்டு இரண்டு பக்கமும் இருட்டாக விட்ட படம்தான் எனக்கு இன்றைக்கும் பிடித்திருக்கிறது.

ஒரு சரத்துக்கு மேல் வந்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இரண்டு சரம் பாதியில் உரசினால் படத்தில் ஒரே கட்டியாகிவிடும். கால் நகர்த்தக்கூட வேண்டாம், உடம்பை ஒரு பக்கம் சாய்த்தாலே நடுவில் இருட்டான ஓர் இடைவெளி திறக்கும். அந்த இடைவெளி திறக்கும் வரை ஷட்டரை அமுக்காமல் இருப்பது ஒரு பழக்கம். முன்னால் ஒன்று கூர்மையாக, பின்னால் இரண்டு மங்கலாக, மூன்றும் வெவ்வேறு உயரத்தில் முடிகிற மாதிரி கிடைத்தால் விடாதீர்கள்.

இன்னொரு சொத்து, போன வருடத்துக் காய்கள். ஒரு முழம் நீளத்துக்குக் கரிய குழல்களாக, பூக்கிற நேரத்திலும் அதே கிளையில் தொங்கிக்கொண்டிருக்கும். பலர் அதைத் தவிர்த்து எடுக்கிறார்கள், அசிங்கமாக இருக்கிறதாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இவ்வளவு மஞ்சளுக்கு நடுவே கண் போய் நிற்க ஓர் இடம் வேண்டும், அந்த ஒற்றைக் கறுப்புக் கோடு அதைக் கொடுக்கிறது. ஒரு காய் போதும். மூன்று நாலு வந்தால் துணி காயப்போட்ட கொடி போல ஆகிவிடுகிறது.

50 மி.மீ. லென்ஸில் எஃப் 1.8 வைத்துக் கிட்டே போய்ப் பின்னணியைக் கரைப்பது பலருக்கும் பிடித்த வழி. கணக்குப் போட்டுப் பாருங்கள். டி5600 அளவு சென்சாரில் ஒரு மீட்டர் தூரத்தில் எஃப் 1.8-க்குக் கூர்மை சுமார் 3 செ.மீ. ஆழத்துக்குத்தான். கொன்றைச் சரத்தின் பருமனே பத்துப் பன்னிரண்டு செ.மீ. இருக்கும். ஒரு பூ தெளிவாக இருக்கும், அதன் அண்டை வீட்டுப் பூக்கள் எல்லாம் கரைந்துவிடும், சரம் என்கிற உருவமே போய்விடும். எஃப் 8-க்கு வந்தால் சுமார் 13 செ.மீ. கிடைக்கிறது, ஆனால் பின்னணியும் தெளிவாகி உறுத்தும். 8 மீட்டர் தள்ளி 200 மி.மீ.-ல் எஃப் 5.6 வைத்தால் 35 செ.மீ. வரை ஆழம் கிடைக்கிறது, சரம் முழுவதும் தெளிவு, அதற்கும் ஆறு மீட்டர் பின்னால் இருக்கிற சுவரோ வெறும் நிறமாகத்தான் விழுகிறது. தள்ளி நிற்பதால் கிடைக்கும் இரண்டாவது லாபம் இது. ஒற்றைப் பூவுக்குள் வளைந்து நிற்கிற அந்த மூன்று நீண்ட மகரந்தத் தண்டுகளை எடுக்க வேண்டும் என்றால் மட்டும் கிட்டே போனேன்.

காற்றைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. நீளக் காம்பில் தொங்குகிற பூ, மூச்சு விட்டாலும் ஆடும். ஷட்டர் வேகத்தை 1/500 நொடிக்குக் குறையாமல் வைத்துக்கொண்டு ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறனை) ஏற விட்டுவிடுங்கள். ஏழு மணிக்குள் என்றால் காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும். கருவண்டுகள் வரத் தொடங்கிய பிறகு 1/1000-க்குப் போனேன். அவை உட்காரும்போது சரமே ஒரு பக்கம் இழுபடும், அந்தச் சாய்வு நேராகத் தொங்குகிற சரத்தைவிடப் பார்க்க நன்றாக இருக்கும்.

முழு மரத்தை ஒரு படத்துக்குள் அடைப்பதுதான் எனக்குக் கடைசி வரை கஷ்டமாக இருந்தது. முழு மரமும் வர வேண்டும் என்று 18 மி.மீ.-ல் எடுத்தால் மரம் சின்னதாகி, ரோடும் கம்பமும் பெரிதாகிவிடும். பூ என்பது தூரத்தில் ஒரு மஞ்சள் பூச்சு. அதைப் பூவாகக் காட்ட முயலாமல் நிறமாக மட்டும் பயன்படுத்தினால் படம் சரியாகிறது. அதாவது மஞ்சளைப் பின்னணியாக்கிவிட்டு முன்னால் வேறு ஏதாவது வைக்க வேண்டும், மரத்தடியில் அதற்குத்தான் இஸ்திரி வண்டி இருக்கிறதே. "அண்ணே, நீங்க வேலை செய்யறப்ப எடுத்துக்கலாமா?" என்று கேட்டதற்கு, "எடுங்க தம்பி, ஆனா இந்தப் பூ வெளுத்த வேட்டியில விழுந்து நான் படற பாட்டையும் சேர்த்து எடுங்க" என்றார். மடித்து வைத்த துணியில் இருந்து இதழ்களைத் தட்டிக்கொண்டே இருப்பார். தெருவின் அந்தக் கோடியில் இருந்து 100 மி.மீ. வாக்கில் எடுத்தபோது மேலே இரண்டு பங்கு மஞ்சள், கீழே ஒரு பங்கில் வண்டியும் அவரும். மரம் முழுதாக வரவில்லை. ஆனால் மரம் எவ்வளவு பெரியது என்பது முழு மரத்தைக் காட்டிய படங்களைவிட அதில்தான் தெரிகிறது.

அடிமரத்துக்குப் பக்கத்தில் நின்று 18 மி.மீ.-ல் நேர் மேலே பார்த்து எடுக்கிற படம் ஒன்று எல்லோரிடமும் இருக்கும். ஒரு தடவைக்கு நன்றாக இருக்கிறது. தரையில் கொட்டிய இதழ்கள் என்றால் தெரு கூட்டுகிறவர்கள் வருவதற்கு முன்னால் போக வேண்டும், நின்றபடி எடுக்காமல் கேமராவைத் தரையோடு வைத்துத் திரையை மடக்கிப் பார்த்துக்கொண்டு எடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

கொன்றைக்குக் கற்றுக்கொண்டதை அப்படியே மற்ற மரத்துக்கு எடுத்துக்கொண்டு போக முடியாது, பூ மரத்தில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கொன்றை கீழ்நோக்கித் தொங்குகிறது, அதனால் கீழே நிற்கிறவனுக்கும் முகம் காட்டும். குல்மோகர் குடை மாதிரி விரிந்து பூவை எல்லாம் மேல்பக்கத்தில் வைத்துக்கொள்கிறது, அடியில் நின்றால் இலையின் முதுகுதான். மாடியிலோ மேம்பாலத்திலோ நின்று கீழே பார்க்க வேண்டும், அப்போது பின்னணி தெருவின் நிழல், வானம் பிரச்சினையே இல்லை. அதில் சிவப்பு எரிவது கொன்றையில் மஞ்சள் எரிவதைவிட மோசம், இன்னும் அரை ஸ்டாப் குறைக்க வேண்டியிருக்கிறது. ஐந்து இதழில் ஒன்று மட்டும் வெள்ளை மஞ்சள் கோடுகளோடு தனியாக நிற்கும், கிட்டே எடுத்தால் அதற்குத்தான் ஃபோகஸ். இயல்வாகையும் பூங்கொத்தை மேல்நோக்கித் தூக்கிப் பிடிக்கிற ஜாதி, அதற்கும் மாடிதான். நாகலிங்கம் அடிமரத்திலேயே பூக்கிறது, அங்கே சொரசொரப்பான பட்டையே பின்னணி. நல்ல நிழலில் எடுத்தால் வேறு ஏற்பாடு எதுவும் தேவையில்லை.

போனில் எடுப்பவர்களுக்கும் இதெல்லாம் பொருந்தும். பிரதான லென்ஸ் ரொம்ப அகலமானது, அதனால் 2 அல்லது 3 மடங்கு லென்ஸுக்கு மாற்றிக்கொண்டு பின்னால் போங்கள். பூவின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோட் வேண்டாம். மெல்லிய காம்பையும் மகரந்தத் தண்டையும் பின்னணி என்று நினைத்துப் பாதியில் அழித்துவிடுகிறது.

கடைசியாகப் பிரிண்ட். சென்சாரின் நீள அகல விகிதம் 3:2, அதனால் 8×12 அங்குலம் போட்டால் ஃப்ரேம் அப்படியே வரும். லேபில் கேட்காமலே 8×10-க்கு வெட்டிக் கொடுத்துவிட்டார்கள், அதில் முதலில் போனது நுனி மொட்டுக்குக் கீழே விட்டிருந்த காலி இடம். மஞ்சளும் கொஞ்சம் பச்சையடித்து வந்தது. ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம், வெட்ட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து மறுபடி போட்டு வாங்கினேன். இஸ்திரி அண்ணனுக்கும் ஒன்று கொடுக்கலாம் என்று எல்லாவற்றையும் காட்டியதில் அவர் தேர்ந்தெடுத்தது, வண்டி நட்டநடுவில் இருக்கிற, பூ மேல் ஓரத்தில் ஒரு விரற்கடை மட்டும் தெரிகிற படத்தை. அதையும் 8×12-ல் போட்டுக் கொடுத்தாயிற்று.